சத்தம் நின்றால் சும்மா இருக்காதீர்கள்

கேள்வி: வயது 24. பல்லுக்குக் கிளிப் போட்டு 14 மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக வாயைத் திறந்தால் காதோரம் ‘டக்’ என்கிறது; காலையில் கன்னம் வலிக்கிறது. கிளிப் தாடை மூட்டைக் கெடுத்துவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். கிளிப்பில் மாட்டும் ரப்பர் பேண்டை நிறுத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் உறை) போடுகிறேன். கிளிப்பைக் கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பழி பழசு. கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததுதான் காது, தாடை வலிக்கெல்லாம் காரணம் என்று 1934-லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதினார். அந்தக் கடியை மாற்றும் கிளிப்பால் மூட்டு போனது என்று 1980-களில் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், கிளிப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூட்டுத் தொல்லை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. கிளிப் போட்டே மூட்டுவலியைத் தீர்க்கிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

காலையில் மட்டும் வலி என்றால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். பகலில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சத்தம் வருகிறதா என்று வாயைத் திறந்து திறந்து பார்ப்பதை விடுங்கள்.

வலியில்லாத ‘டக்’ எத்தனையோ பேருக்கு உண்டு. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய தட்டு முன்னால் நழுவியிருக்கும். வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறி உட்காரும் சத்தம் அது. நான் பயப்படுவது, திடீரென்று அந்தச் சத்தம் நின்று, கூடவே வாயும் பாதிதான் திறக்கும்போது. தட்டு இடத்துக்குத் திரும்பாமல் குறுக்கே நின்றுவிட்டது என்று அர்த்தம். பலர் ‘சரியாகிவிட்டது’ என்று மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நேற்றுவரை மூன்றும் போய், இன்று இரண்டே சிரமம், தாடையும் ஒரு பக்கம் கோணுகிறது என்றால் அந்த வாரமே வாருங்கள். ஆரம்பத்தில் வந்தால் விடுவிப்பது சுலபம்.

நைட் கார்டைத் தூக்கிப் போடுங்கள். கிளிப் பல்லை நகர்த்தப் பார்க்கிறது. நீங்கள் வெந்நீரில் முக்கிக் கடித்த பிளாஸ்டிக் அதைப் பிடித்து வைக்கிறது. பல் யார் பேச்சைத்தான் கேட்கும்?

ரப்பர் பேண்டையும் நீங்களாகவே திரும்ப மாட்ட வேண்டாம். கிளிப் போட்ட மருத்துவருக்கு இன்றே போன் செய்து, நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார். பரவாயில்லை, வலி அடங்கும்வரை இழுவையைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.