டப்பா ஏன் நிரம்பியபடியே திரும்பி வருகிறது?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், ஒரு உணவு ஆலோசகராக எனக்கு வரும் கேள்விகளில் பாதி டிபன் பாக்ஸைப் பற்றித்தான்.

மகள் எல்கேஜி போகிறாள். வீட்டில் ஆசையாகச் சாப்பிடும் அதே உணவைக் கட்டிக்கொடுத்தால் தொடாமல் கொண்டுவருகிறாள். (பெரம்பூர்)

அப்படியென்றால் உங்கள் சமையலில் குறையில்லை. டப்பாவை அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நான்கு பக்கமும் க்ளிப் வைத்த டப்பா அந்த வயதுக் கைக்கு மசியாது. மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சம். பேசாமல் பைக்குள் வைத்துவிடும். என் மகனும் இரண்டு வாரம் இப்படித்தான் பட்டினி கிடந்தான். நானோ ஊருக்கெல்லாம் சத்துணவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்!

அடுத்தது அளவு. அமுக்கி அமுக்கிச் சாதத்தை அடைத்தால் பார்த்ததுமே குழந்தை மலைத்துப்போகும். பொடியும் நல்லெண்ணெயும் பிரட்டிய ஏழெட்டு மினி இட்லி, ஓரத்தில் இரண்டு வாழைப்பழத் துண்டு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே டப்பாவில் கட்டிக்கொடுத்து, ஊட்டாமல் உட்காரவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

காலையில் பிசைந்த தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. (வேளச்சேரி)

சென்னை வெயிலில் புளிக்காமல் என்ன செய்யும்? தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். அன்று காலை வடித்த சோற்றைச் சூட்டோடு குழைய மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலக்குங்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதமாகத் தோய்ந்திருக்கும். தளரவே பிசையுங்கள், நேரம் ஆக ஆக இறுகும். பச்சை வெங்காயம் வேண்டாம், வாடை வரும். முந்தின நாள் சோற்றில் மட்டும் செய்யாதீர்கள். வெளியில் கிடந்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

கலந்த சாதம் எதுவானாலும் தட்டில் பரப்பி ஆறவிட்டு மூடுங்கள். ஆவியோடு மூடினால் மூடியில் வியர்த்து, சாதம் சொதசொதவென்று ஆகிவிடும்.

ஆறு வயது மகன் உருளைக்கிழங்கைத் தவிர எந்தக் காயையும் தொடமாட்டான். அரைத்துக் கலந்து ஏமாற்றலாமா? (தாம்பரம்)

கலக்கலாம், பீட்ரூட் சப்பாத்தியில் தப்பொன்றுமில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பீட்ரூட் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாமலேயே போகும். சில குழந்தைகளுக்கு ஒரு காய் பழக 10, 15 தடவை கண்ணில் படவேண்டியிருக்கும். நாமோ மூன்றாவது தடவையிலேயே கைவிட்டுவிடுகிறோம். உருளை வறுவலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பீன்ஸ் துண்டு வையுங்கள். தின்றாயா என்று கேட்காதீர்கள். புதுக் காயின் முதல் அறிமுகம் வீட்டுத் தட்டில் நடக்கட்டும். பசியோடு டப்பாவைத் திறக்கும் நேரம் அதற்குச் சரிப்படாது.

பள்ளியில் முட்டை கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். புரதத்துக்கு என்ன செய்வது? (மயிலாப்பூர்)

ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். அதை வீட்டில் காலையிலோ ராத்திரியோ கொடுத்துக்கொள்ளலாம். டப்பாவுக்கு அடை இருக்கிறதே! கடலைப்பருப்பு, துவரம்பருப்போடு முருங்கைக்கீரையும் போட்டுச் சின்னச் சின்னதாக வார்த்து, வெல்லத்தோடு வையுங்கள்.

மூன்று வயதுப் பேத்திக்கு ஸ்நாக்ஸாக வேர்க்கடலை, திராட்சை தரலாமா? (அண்ணா நகர்)

முழுசாக வேண்டாம் அம்மா, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். கடலை ஒத்துக்கொள்கிற குழந்தைதான் என்றால், பொடித்து வெல்லத்தோடு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தரலாம்.