நெஞ்சு வலியும் ரெண்டு தறியும்

அண்ணா, வணக்கமுங்க.

நாங்க பல்லடம் பக்கமுங்க. கூலிக்கு நெய்யற எட்டுத் தறி இருக்குது. வூட்டுக்காரருக்கு 46 வயசு. போன செவ்வாக்கெழம ராத்திரி ஷெட்டுல இருந்தவரு நெஞ்ச அமுக்கற மாதிரி இருக்குதுன்னு வந்து திண்ணைல உக்காந்தாரு, சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு, எடது தோள் பட்ட வரைக்கும் வலி. சோடா வாங்கியாந்து குடுத்தோம், ஓமத் தண்ணி குடுத்தோம், அரை மணி நேரத்துல சரியாயிருச்சுன்னாரு. காத்தால ஈசிஜி எடுத்தா மாறுதல் இருக்குதுன்னு கோயமுத்தூருக்கு அனுப்புனாங்க. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரில ரத்தமும் டெஸ்ட் பண்ணிட்டு, ஒடனே ஆஞ்சியோ பண்ணோணும், அடைப்பு இருந்தா ஸ்டென்ட், ரெண்டரை லட்சம் ஆகும், இப்ப ஒரு லட்சம் கட்டுங்கன்னாங்க. எங்களுக்கு இன்சூரன்ஸ் எதுவுமே இல்லீங்க. இவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு மாத்திரைய மட்டும் வாங்கிட்டு வூட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு தறிய வித்துட்டு அடுத்த மாசம் போலாங்கறாரு. தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தரு இப்ப பாலிசி போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு அட்மிட் ஆனா பணம் கெடைச்சுருங்கறாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்கண்ணா, அவரு மூச்சு விடறாரான்னு பாத்துட்டே படுத்திருக்கறேன். என்ன பண்றதுங்க?

பேரு போட வேண்டாமுங்க.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதத்தப் படிச்ச ஒடனே போன் போட்டுப் பேசிட்டேன், எழுத்துல பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கற விசயம் இல்ல இது. உங்க சம்மதத்தோடதான் இப்ப இங்க எழுதறேன், இதே வெசனத்தோட நம்ம பக்கம் எத்தனையோ ஊட்ல ராத்திரி முழிச்சுட்டு உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கும் ஆகட்டும்னு.

போன்ல சொன்னதத்தான் மொதல்ல சொல்றேன். அரை மணி நேரத்துல வலி நின்னுருச்சுங்கறது நல்ல சேதி இல்லீங்க. ரத்தக் கொழாய்க்குள்ள படிஞ்சிருக்கற கொழுப்பு விரிசல் விட்டு, அதுக்கு மேல ரத்தம் உறைஞ்சு பாதி மூடியிருக்கும், கொஞ்சம் வழி கெடைச்சதும் வலி நிக்கும், மறுபடி எப்ப முழுசா மூடும்னு யாராலயும் சொல்ல முடியாது. வேத்துக் கொட்டியிருக்குது, தோள் வலிச்சிருக்குது, ஈசிஜில மாறுதல் இருக்குது, இருதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ட்ரோபோனின் ஏறியிருக்குதுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுலயே எழுதியிருக்குது, இத்தனையும் வெச்சுட்டு ஒரு மாசம் தள்ளிப் போடலாமாங்கற கேள்விக்கே எடமில்ல. பாவு அறுந்தா தறிய நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான ஓட்டுவீங்க, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டா துணி என்னாகும்னு நான் கேட்டப்ப உங்க வூட்டுக்காரரு ஒண்ணும் பேசல.

அந்த ஏஜென்ட் சொன்னது தப்புங்க. புது பாலிசில மொத 30 நாளைக்கு விபத்து தவிர எதுக்கும் பணம் வராது, அது அவருக்குத் தெரிஞ்சிருக்குது, அதான் ஒரு மாசம்ங்கறாரு. ஆனா ஏற்கெனவே இருக்கற நோய்க்கு கம்பெனிங்க மூணு வருசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம், அத அவரு சொல்லல. ஈசிஜி எடுத்தத மறைச்சு பாலிசி போட்டா, கிளைம் பண்ணும்போது பழைய சீட்டெல்லாம் தோண்டி எடுத்து இல்லைன்னுருவாங்க, பிரீமியமும் போச்சு. பாலிசி எடுங்க, வேண்டாங்கல, உங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் இப்பவே எடுங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து குடும்பத்துக்கு எடுக்கற மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. ஆனா இந்த ஆஞ்சியோவுக்கு அது ஆகாது.

இதெல்லாம் சொன்னதுக்கப்பறம் அவரே போன வாங்கிப் பேசுனாரு. கோயமுத்தூர் ஜி.ஹெச்-ல ஆஞ்சியோ பண்ற கேத் லேப் இருக்குது, அங்க போங்கன்னு சொன்னேன். சித்த நேரம் சும்மா இருந்துட்டு, "ஏனுங்கண்ணா, எட்டுத் தறி வெச்சுட்டு ஜி.ஹெச்-ல போய்ப் படுத்தா ஒறம்பரைங்க என்ன பேசுவாங்க"ன்னாரு. எனக்கு அந்த எடத்துல தொண்டை அடைச்சுருச்சுங்க. ஏன்னா இதே வார்த்தைய நான் பேசியிருக்கறேன்.

2018 மார்கழி. அப்ப நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு எழுதிட்டு இருந்தேன். விடியக்காலம் நாலரை மணிக்கு தாடை வலி. நெஞ்சு வலியே இல்ல, தாடை மட்டும், அப்பறம் ரெண்டு கையும் கனத்துப் போச்சு. பல்லுன்னு நெனச்சு கிராம்பக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். 108-க்குப் போடலாம்னு எங்கூட்டுக்காரி சொன்னா, நான் வேண்டாம்னேன், சைரன் அடிச்சுட்டு வீதிக்குள்ள வந்தா அத்தன பேரும் எந்திரிச்சு வாசல்ல நின்னு பாப்பாங்கன்னு. ஜி.ஹெச்-சுக்காவது போலாம்னா, அதுக்கும் மானம் போயிரும்னேன். விடிஞ்சதுக்கப்பறம் பக்கத்து ஊட்டுத் தம்பி கார்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதுக்குள்ள மூணு மணி நேரம் போயிருச்சு. இருதயத்துக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிசமும் தசை செத்துட்டே இருக்கும்னு டாக்டர் பின்னால சொன்னாரு, நான் அதுல மூணு மணி நேரத்த ஊருக்காகக் குடுத்தேன்.

அங்க கவுண்ட்டர்ல 50,000 கட்டுனாத்தான் உள்ள கூட்டிட்டுப் போவோம்னாங்க. நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தேன், கதவு தெறந்திருந்துச்சு, எதுத்தாப்புல கை கழுவற எடம் தெரிஞ்சுது. எங்கூட்டுக்காரி அங்க நின்னு கைல சோப்பப் போட்டு வளையலக் கழட்டிட்டு இருந்தா. கல்யாணத்துக்குப் போட்டதுங்க, கழட்டுனதே இல்ல, கை மொழிகிட்ட வந்து நின்னுக்குது, திருகித் திருகி இழுக்கறா, தோலெல்லாம் செவந்து போச்சு, ஒண்ணு வந்ததும் முந்தானைல தொடைச்சு மச்சான் கைல குடுக்கறா, மறுபடி சோப்பு போடறா. நாலு வளையல். ஒரு தடவ கூட என்னத் திரும்பிப் பாக்கல.

அந்த நாலு வளையலும் போகாம இருந்திருக்கலாம். என் சம்பளம் அப்ப 18,000. மாசம் 21,000 வரைக்கும் வாங்கறவங்கள, வைத்தியச் செலவப் பாத்துக்கற தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ-ல சேத்தே ஆகோணும், அது சட்டம், கணக்கு எழுதற எனக்கு அது தெரியாம இல்ல. அப்ப தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், எனக்கு மாசம் 315 ரூவா. அது கைல வந்தா ஆகும்னு நாங்க ஏழெட்டுப் பேரு சேந்து போய் புடிக்க வேண்டாம்னு கேட்டோம், மொதலாளிக்கும் அவரு பங்கு மிச்சம், சரின்னுட்டாரு. இப்ப அது 0.75 சதவீதம்தான், 18,000 சம்பளத்துக்கு 135 ரூவா. திருப்பூர்ல, அவிநாசில பனியன் கம்பெனிக்குப் போறவங்க யாராவது இதப் படிச்சா, புடிக்க வேண்டாம்னு சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

இப்ப உங்க விசயத்துக்கு வரேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்னு ஒண்ணு இருக்குதுங்க. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா வந்து, 2012-ல பேரு மாறி, 2018-ல மத்திய அரசுத் திட்டத்தோட சேந்து இப்ப குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியம் பாக்கலாம். குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கோணும். வி.ஏ.ஓ-கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இதெல்லாம் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போகோணும், சந்தேகம் இருந்தா 1800 425 3993-க்குப் பேசுங்க. எட்டுத் தறி வெச்சிருக்கறவனுக்கு யாரு குடுப்பான்னு வூட்டுக்காரரு கேட்டாரு. பொய் சொல்லச் சொல்லலீங்க, வர்ற கூலில ஆள் சம்பளம், கரண்ட் போக மிஞ்சறது என்னன்னு உள்ளபடி சொல்லுங்க, நம்ம பக்கம் பாதித் தறிக்காரங்க கணக்குப் போட்டுப் பாத்தா அந்தக் கோட்டுக்குக் கீழதான் நிப்பாங்கன்னு நெனைக்கறேன், தறி எண்ணிக்கையப் பாத்து நாமளே நம்மள வசதிக்காரங்கன்னு நம்பிட்டு இருக்கறோம். வருமானம் கூட வந்தாலும் ஜி.ஹெச்-ல வைத்தியம் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. கார்டு வாங்கிட்டுத்தான் போகோணும்னும் இல்ல, மொதல்ல போய்ப் படுக்கட்டும், சீட்டுக்கு நீங்களோ உங்க தம்பியோ அலையலாம்.

இன்னொண்ணு. ஸ்டென்ட் வெலைய நெனச்சுத்தான் பாதிப் பேரு பயப்படறாங்க. 2017 பிப்ரவரில மத்திய அரசு அதுக்கு உச்ச வெல வெச்சிருச்சு, மருந்து தடவுன ஸ்டென்ட்டுக்கு அப்ப 29,600 ரூவா, அடுத்த வருசம் கொஞ்சம் கொறைச்சாங்க, அதுக்கப்பறம் ஏத்தியிருக்காங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் பில்லுல ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு, மத்ததுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா கேட்டு வாங்கலாம். கேக்கறதுக்கு சங்கடப்படாதீங்க.

தறிய இப்ப விக்க வேண்டாம். அவசரத்துக்கு விக்கறவன்கிட்ட பழைய இரும்பு வெலைக்குத்தான் கேப்பாங்க, அந்தப் பணமும் போய், அவரு தேறி வந்தா ஓட்டறதுக்குத் தறியும் இருக்காது.

பொதுவாப் படிக்கறவங்களுக்கு ஒரு விசயம், நான் டாக்டர் இல்ல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். தாடைல இருந்து தொப்புள் வரைக்கும் எங்க அமுக்குனாலும், வேத்தாலும், மூச்சு வாங்குனாலும் கேஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. பொம்பளைங்களுக்கும் சக்கரை இருக்கறவங்களுக்கும் வலியே இல்லாம வெறும் அசதியாக்கூட வரும். வண்டிய நீங்களே ஓட்டிட்டுப் போகாதீங்க, 108-க்குப் போடுங்க, காசு கெடையாது. தூரமா இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்க, 2023-ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்கயே மொத டோஸ் மாத்திரையக் குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. சின்ன ஆஸ்பத்திரில ரத்தக் கட்டியக் கரைக்கற ஊசியப் போட்டு ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ பண்ற மொறைக்கு உயிர் கொடுத்தவங்கள்ல ஒருத்தரு நம்ம கோயமுத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர். தமிழ்நாட்டுல 2,420 நோயாளிங்கள வெச்சு அவங்க பண்ணுன ஆய்வு 2017-ல வெளிவந்துச்சு, ஒரு வருசத்துக்குள்ள எறந்து போறவங்க 17.6 சதவீதத்துல இருந்து 14.2-க்குக் கொறைஞ்சிருந்தாங்க. நூத்துக்கு மூணு பேருக்கு மேல, நம்ம ஊரு ஆளுங்க.

தங்கச்சி, நேத்துப் பொழுதோட "ஜி.ஹெச்-ல அட்மிட் ஆயிட்டோமுங்கண்ணா, வெள்ளிக்கெழம ஆஞ்சியோ"ன்னு நீங்க அனுப்புன மெசேஜப் பாத்ததுக்கப்பறம்தான் எனக்கும் சோறு எறங்குச்சு. ஸ்டென்ட் வெச்சாங்கன்னா ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்த விடாதீங்க, வலியே இல்ல எதுக்குன்னு அவரு கேப்பாரு, நானும் கேட்டேன். வார்டுல ராத்திரி கொசு இருக்கும், ஒரு போர்வையும் தண்ணிக்கு ஒரு பிளாஸ்க்கும் எடுத்துட்டுப் போங்க. ஒறம்பரை யாராவது வந்து ஏன் இங்க சேத்துனீங்கன்னு கேட்டா என் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கறேன். வெள்ளிக்கெழம ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுங்க, எத்தன மணியா இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அண்ணன்