அப்பாவோட பைபாஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

திருமங்கலத்துல இருந்து எழுதுறேன். போன மாசம் அப்பாவுக்கு மதுரையில பைபாஸ் பண்ணாங்க. 64 வயசு, மூணு இடத்துல அடைப்பு. காலைல ஏழரைக்கு தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க, டாக்டர் வெளிய வந்து நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னப்ப மணி ஒன்னே முக்கால். அதுவரைக்கும் அம்மா வாயில பச்சத்தண்ணி படல. பம்ப்புல போட்டு இதயத்தை நிறுத்திட்டுதான் தையல் போட்டோம்னு அப்புறமா சொன்னாங்க, கேட்டதும் எனக்கு கை நடுங்கிருச்சு. நிறுத்தின இதயத்தை திரும்ப ஓட விடுறதெல்லாம் மனுசன் செய்யற காரியமா சார்? அவர் எங்களுக்கு கடவுள். அம்மா அவர் கால்ல விழப்போனாங்க, மனுசன் சட்டுனு ரெண்டு அடி பின்னாடி போயிட்டார். நீங்க பாட்டு, கோயில், நாவல்னு எவ்வளவோ எழுதுறீங்க, இந்த சர்ஜன்களைப் பத்தி மட்டும் ஏன் எழுதினதே இல்ல?

சு.

அன்புள்ள சு.,

அப்பா வீடு வந்து சேந்துட்டார்னு படிச்சதும் மனசுக்கு நிறைவா இருந்துச்சு. நீங்க கேட்டது நியாயம்தான், எப்பவோ எழுதியிருக்கணும்.

அம்மா கால்ல விழப்போனதை நான் குறையா நினைக்கல. ஆறு மணி நேரம் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவங்களுக்கு வேற என்ன தோணும். ஆனா டாக்டர் ரெண்டு அடி பின்னால போனார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயேதான் என் மனசு நிக்குது. கடவுளுக்கு எதையும் கத்துக்கவேண்டிய அவசியம் இல்ல, தோத்துட்டு மறுநாள் காலைல திரும்ப அதே வேலைக்கு வரவேண்டியதும் இல்ல. இவங்களுக்கு அது ரெண்டும் உண்டு, நான் இவங்களைக் கும்பிடுறதே அதுக்காகத்தான்.

அப்பாவைப் போட்டிருந்த அந்த பம்ப் இருக்கே, அதோட கதைய கொஞ்சம் சொல்றேன். 1930கள் ஆரம்பத்துல பாஸ்டன்ல ஜான் கிப்பன்னு ஒரு இளம் டாக்டர், அவரை ஒரு பேஷண்ட் பக்கத்துல ராத்திரி முழுக்க உக்கார வச்சாங்க. அந்தம்மாவுக்கு நுரையீரலுக்குப் போற பெரிய குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருந்துச்சு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ நாடி பாக்கணும், பிரஷர் பாக்கணும், வேற எதுவும் அவர் கையில இல்ல. கண்ணு முன்னாடியே அந்தம்மா மூச்சு குறைஞ்சுகிட்டே வருது, ரத்தம் கறுத்துக்கிட்டே வருது, காலைல பெரிய டாக்டர் வந்து ஏழு நிமிஷத்துக்குள்ள நெஞ்சைத் திறந்து கட்டிய எடுத்துட்டார், ஆனாலும் அந்தம்மா பொழைக்கல. அந்தக் கறுத்த ரத்தத்தை வெளிய எடுத்து ஆக்சிஜன் குடுத்து திரும்ப உள்ள விட ஒரு மெஷின் இருந்திருந்தா பொழச்சிருப்பாங்களேன்னு அன்னிக்கு அவருக்குத் தோணுன ஒரு நினைப்பு, அதுக்குப் பின்னாடியே இருபது வருஷத்துக்கு மேல போயிருக்கார். மனைவி மேரியும் லேப்ல கூடவே நின்னாங்க. சோதனைக்குப் பூனை வேணும், வாங்கக் காசில்ல, ராத்திரி சாக்குப்பையும் டூனா மீன் துண்டும் எடுத்துக்கிட்டு பாஸ்டன் தெருவுல பூனை புடிக்கப் போயிருக்கார்.

1953 மே 6, பிலடெல்பியா. 18 வயசுப் பொண்ணு, இதயத்தோட மேலறை ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை. 26 நிமிஷம் அந்தப் பொண்ணோட இதயமும் நுரையீரலும் செய்யற வேலைய மெஷினே செஞ்சுது, ஓட்டைய அடைச்சாங்க, பொண்ணு பொழச்சுது. இதோட கதை சுபம்னுதான் நிறைய பேர் எழுதுவாங்க. ஆனா அதுக்கு முந்தின வருஷமே ஒரு கைக்குழந்தை அதே மெஷின்ல போயிருக்கு, இந்த வெற்றிக்கப்புறம் ஜூலைல இன்னும் ரெண்டு குழந்தைங்க. கிப்பனால தாங்க முடியல, இதய ஆபரேஷனையே விட்டுட்டார். அவர் விட்ட இடத்துல, அமெரிக்காவுலயே மயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரில ஜான் கிர்க்லின்னு ஒரு சர்ஜன் அந்த மெஷினை இன்னும் சரி பண்ணி 1955ல ஆரம்பிக்கிறார். முதல் எட்டு பேர்ல நாலு பேர்தான் பொழச்சாங்க. மிச்ச நாலு பேரோட அப்பா அம்மாவும் உங்கம்மா மாதிரிதான் வெளிய தண்ணி குடிக்காம உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு ஒரு டாக்டர் வெளிய வந்து வேற வார்த்தை சொல்லியிருப்பார். உங்கப்பா விஷயத்துல நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்ல முடிஞ்சதுல அந்த நாலு வீட்டுக் கண்ணீரும் கலந்திருக்கு.

இதயத்தை எப்படி திரும்ப ஓட விடுறாங்கன்னு கேட்டீங்க. பொட்டாசியம் கலந்த குளிர்ச்சியான திரவத்தை விட்டா துடிப்பு நின்னுரும், தசை ஓய்வுல கிடக்கும். அந்த நேரத்துல ரெண்டு மில்லிமீட்டர் கூட தேறாத குழாய்ல, கால்ல இருந்தும் நெஞ்சுக்குள்ள இருந்தும் எடுத்த ரத்தக்குழாயை, தலைமுடிய விட மெல்லிசான நூலால சுத்தித் தைக்கணும், கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு. முடிஞ்சதும் ரத்தத்தைத் தடுத்து வச்சிருந்த கிளாம்ப்பை எடுப்பாங்க, வெதுவெதுப்பான ரத்தம் இதயத்துக்குள்ள போகும், பொட்டாசியம் கழுவிட்டுப் போயிரும், அதுவா ஒரு நடுக்கம் நடுங்கி துடிக்க ஆரம்பிக்கும். சில சமயம் சின்னதா ஒரு ஷாக் குடுக்கணும். அப்ப பம்ப் பக்கத்துல பெர்ஃபியூஷனிஸ்ட்னு ஒருத்தர் உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா மெஷினைக் குறைச்சு இதயத்துக்கு வேலைய திருப்பிக் குடுப்பார். அடுத்த செக்கப் போறப்ப முடிஞ்சா அவருக்கும் ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க, வெளிய இருக்கவங்க யாரும் அவர் முகத்தைப் பாத்திருக்கவே மாட்டாங்க.

நுரையீரல் பக்கமும் இதே கதைதான். 1933ல செயின்ட் லூயிஸ்ல எவார்ட்ஸ் கிரகாம்னு ஒரு சர்ஜன், புத்துநோய் வந்த ஒருத்தருக்கு ஒரு பக்க நுரையீரலை முழுசா எடுத்தார். அந்த பேஷண்டும் ஒரு டாக்டர்தான். ஒரு பகுதிய மட்டும் எடுக்கலாம்னுதான் உள்ள போனது, திறந்து பாத்தா அது பத்தாதுன்னு தெரிஞ்சுது, அங்கயே நின்னு முடிவெடுத்தார். பேஷண்ட் அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஒரே நுரையீரலோட இருந்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புத்துநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல சேந்து எழுதினவரும் இதே கிரகாம்தான், ஆனா ரொம்ப வருஷம் சிகரெட் புடிச்சவர், 1957ல அதே நோய்ல போயிட்டார், பேஷண்ட் அவருக்கப்புறமும் இருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துரும்.

இவ்வளவும் வெளிநாட்டுக் கதைன்னு நினைச்சுராதீங்க. 1975ல கே.எம். செரியன் இந்தியாவுல முதல் பைபாஸ் பண்ணது நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிலதான். எனக்கு இன்னும் நெருக்கமானது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி. எங்கக்காவுக்கு சின்ன வயசுல தொண்டை வலி, அப்புறம் முட்டி வீக்கம், வளர்ற புள்ளைக்கு வர்றதுதான்னு வீட்ல விட்டுட்டாங்க, அது ருமாட்டிக் காய்ச்சல்னு தெரியறதுக்குள்ள இதய வால்வு சுருங்கிருச்சு. நாலு படி ஏறுனா உக்காந்துருவா. 1997ல நாகர்கோவில்ல இருந்து ரயில்ல கூட்டிட்டுப் போய் வால்வு மாத்துனோம், சித்திரா வால்வு. வெளிநாட்டு வால்வு நம்ம ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னு ஸ்ரீசித்திராவுல இருந்த எம்.எஸ். வலியத்தான் இங்கயே செய்ய இறங்கினார். அவரே இதய சர்ஜன். முதல் மூணு மாடலும் தேறல, வருஷக்கணக்கான உழைப்பு வீணாப்போச்சுன்னு ஊர் சொல்லியிருக்கும், நாலாவதுதான் நின்னுது, 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்சாங்க. உலோக வளையத்துக்குள்ள கெட்டியான ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான், ஒரு நாளைக்கு லட்சம் தடவ திறந்து மூடுது. பிளாஸ்டிக்ங்கறதால சத்தம் கம்மி. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னா அக்கா பக்கத்துல உக்காந்து காதைக் குடுப்பேன், லேசா ஒரு டிக் கேக்கும். ரத்தம் கட்டாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, மாசாமாசம் ரத்த டெஸ்ட், கீரை அளவா, இப்படியே ஓட்டி இன்னிக்கு பேத்திக்கு ஜடை பின்னி விடுறா.

இப்ப இன்னும் தூரம் போயிட்டாங்க. 2002ல பிரான்ஸ்ல ரூவன் நகரத்துல அலைன் கிரிபியே தொடை வழியா குழாய் விட்டு, நெஞ்சைத் திறக்காமலேயே வால்வு வச்சார் (அவர் சர்ஜன் இல்ல, கார்டியாலஜிஸ்ட்). நுரையீரல்ல ஒரு பகுதிய எடுக்கறதைக் கூட ரெண்டு மூணு சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு முடிக்கிறாங்க. அந்த ஓட்டைக்கு முன்னாடி விலா எலும்பை விரிச்சு எத்தனை வருஷம் கத்துக்கிட்டாங்கன்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல.

அப்பாவுக்கு நடு நெஞ்செலும்பைக் கம்பி போட்டு இறுக்கியிருப்பாங்க, சேர ரெண்டு மூணு மாசம் ஆகும். தண்ணிக்குடம், சிலிண்டர் எதையும் தூக்க விடாதீங்க. இருமல் வந்தா தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க, வலிக்குதுன்னு அடக்குனா சளி கட்டிக்கும். ஆஸ்பத்திரில மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுத்திருப்பாங்களே, அதை அலமாரி மேல தூக்கி வச்சிராதீங்க. ஊதக்கூடாது, மெதுவா உள்ள இழுக்கணும். முதல்ல ஒரு பந்துதான் எழும்பும், அக்காவுக்கு ரெண்டாவது பந்து எழும்பவே ஒம்பது நாள் ஆச்சு. அப்பாவுக்கு இப்ப எத்தனைன்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.