24 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வனவிலங்கு நிலமாக மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் டெக்சஸில், ஆஸ்டினில் வசிக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். போன ஆகஸ்டில் ஹில் கன்ட்ரி என்னும் குன்றுப் பகுதியில், ஊர் எல்லைக்கு வெளியே 24 ஏக்கர் வாங்கினோம். 180 ஏக்கர் பண்ணை ஒன்றைப் பிரித்து விற்றதில் ஒரு துண்டு இது. பல வருடங்களாகப் பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகள் குத்தகைக்கு மேய்வதால் விவசாய நிலமாக வரி குறைவு. எங்களுக்கு மாடு வேண்டாம். மானும் பறவையும் போதும். வனவிலங்கு நிலமாக மாற்றினால் வரி இன்னும் குறையும் என்கிறார்கள். குத்தகை மார்ச்சில் முடிகிறது. அதோடு நிறுத்திவிட்டு இந்த வருடமே மாற்றலாமா? பழைய வரியைத் திரும்பக் கேட்பார்களா? பிறகு ஒரு வீடும் கட்ட நினைக்கிறோம்.

பதில்: மாற்றலாம். ஆனால் குத்தகையை மார்ச்சில் முடிக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருக்கும் சொத்து என்னவென்று பாருங்கள். டெக்சஸ் அரசியல் சட்டத்தின் 1-டி-1 பிரிவின்படி, விவசாய நிலத்தைச் சந்தை விலைக்கு மதிக்காமல் அதன் விளைச்சல் மதிப்புக்கு மதிக்கிறார்கள். ஹில் கன்ட்ரியில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. அந்தத் தகுதி கிடைக்க, முந்தைய 7 வருடங்களில் 5 வருடங்கள் நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். உங்கள் நிலத்துக்கு அந்த வரலாறு இருக்கிறது. அதை அறுந்துபோக விடக்கூடாது. வனவிலங்கு மேலாண்மை இந்தத் தகுதியின் மேல்தான் உட்காருகிறது. 1995இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த திருத்தத்தின்படி அதுவும் ஒரு விவசாயப் பயன்பாடு. முந்தைய வருடம் விவசாய நிலமாகவோ மர வளர்ப்பு நிலமாகவோ மதிக்கப்பட்ட நிலத்துக்கு மட்டுமே அது கிடைக்கும். வெறும் காலி நிலத்தை நேராக வனவிலங்கு நிலமாக்க முடியாது.

வரி இன்னும் குறையும் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் எந்த வகையில் மதிக்கப்பட்டதோ அதே வகையில்தான் மாற்றிய பிறகும் மதிக்கப்படும். மாடு இல்லாமல் அதே குறைந்த வரியில் இருக்கலாம், அவ்வளவுதான் லாபம். நிலத்தின் மேல் அக்கறை உள்ளவர்களுக்கு அதுவே பெரிய லாபம் என்பேன்.

பழைய வரி பற்றிய பயம் வேண்டாம். மேய்ச்சலிலிருந்து வனவிலங்குக்குப் போவது பயன்பாட்டு மாற்றமே அல்ல. நிலத்தை விவசாயத்திலிருந்து வேறு வேலைக்கு, உதாரணமாக மனை பிரித்து விற்பதற்கு, மாற்றினால்தான் ரோல்பேக் வரி, அதாவது முந்தைய வருடங்களில் மிச்சமான வரியைத் திரும்ப வசூலிப்பது, வரும். 2019 சட்டத் திருத்தம் அதை 5 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்தது; 2021இல் வட்டியையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். நிலத்தின் அளவு போன வருடம் ஜனவரி 1 அன்று இருந்ததைவிடக் குறைந்திருந்தால், வனவிலங்குத் தகுதிக்கு ஒரு குறைந்தபட்ச அளவு பொருந்தும். அந்தத் தேதியில் உங்கள் 24 ஏக்கர் ஒரு 180 ஏக்கர் பண்ணையின் பகுதி. ஆக, இந்த வருட விண்ணப்பத்துக்கு அந்த விதி உங்களைப் பிடிக்கும். கணக்கு எளிது: மொத்த ஏக்கரில் ஒன்றைக் கழித்து, வருவதை மொத்த ஏக்கரால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 24இல் 23, அதாவது 95.8 சதவீதம். உங்கள் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் குறைந்தபட்சம் 95 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்தால் 20 ஏக்கரே போதும், தப்பித்தீர்கள். 97 என்று வைத்திருந்தால் 33 ஏக்கருக்கு மேல் வேண்டும். மாநில விதி ஒவ்வொரு சுற்றுச்சூழல் பகுதிக்கும் ஒரு வரம்பைத் தருகிறது. அதற்குள் எந்த எண் என்பதை உள்ளூர் அலுவலகம் முடிவு செய்கிறது. எண் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

எண் உங்களுக்குச் சாதகமாக இல்லை என்றாலும் கவலை வேண்டாம். இந்த வருடம் முழுக்க மாடுகள் மேயட்டும். அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது, அதற்கு முந்தைய ஜனவரி 1 அன்றும் நிலம் 24 ஏக்கராகவே இருந்திருக்கும். அளவு குறையவில்லை என்பதால் அந்தக் குறைந்தபட்ச விதியே உங்களுக்குப் பொருந்தாது. ஒரு வருடக் காத்திருப்பில் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். மாறாக, மார்ச்சில் மாட்டை அனுப்பிவிட்டு, ஜூனில் வனவிலங்கு விண்ணப்பம் மறுக்கப்பட்டால்? மேய்ச்சலும் இல்லை, வனவிலங்கும் இல்லை; அந்த வருடம் முழுச் சந்தை விலைக்கு வரி. இப்படி மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. குத்தகையை டிசம்பர் வரையாவது எழுத்தில் நீட்டித்துக்கொள்ளுங்கள்.

எப்படியானாலும் இந்த வருடம் ஒரு விண்ணப்பம் நீங்கள் போட்டே ஆக வேண்டும். விற்றவரின் தகுதி உங்களுக்குத் தானாக வராது. உரிமையாளர் மாறினால் புதியவர் தன் பெயரில் இந்த மதிப்பீட்டுக்கான 50-129 விண்ணப்பப் படிவம் கொடுக்க வேண்டும். மே 1க்கு முன், அதாவது ஏப்ரல் 30க்குள். தவறினால், மதிப்பீடுகளின் மேல் வரும் எதிர்ப்பு மனுக்களை விசாரிக்கும் மறுஆய்வுக் குழு அந்த வருடப் பதிவேடுகளுக்கு ஒப்புதல் தரும் வரை தாமதமாகக் கொடுக்கலாம், ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம். அப்புறம், நிலத்தை எல்எல்சி என்னும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் யோசனை இருந்தால் அதுவும் உரிமையாளர் மாற்றம்தான், மறுபடியும் புதுப் படிவம்.

வனவிலங்குக்கு விண்ணப்பிக்கும் வருடத்தில் அதே படிவத்தோடு டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் பி.டபிள்யூ.டி. 885 என்ற மேலாண்மைத் திட்டப் படிவத்தையும் சேர்க்க வேண்டும். நிலத்தைச் சும்மா விட்டுவிட்டு 'இங்கே மான் வருகிறது' என்றால் ஏற்க மாட்டார்கள். வாழிட மேம்பாடு, மண்ணரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துதல், கூடுதல் நீர், கூடுதல் உணவு, உறைவிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் குறைந்தது மூன்றை ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டும். உங்கள் பகுதிக்கான வழிகாட்டி நூல் எவ்வளவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. மக்காச்சோளத்தை மட்டும் ஃபீடரில் கொட்டுவது மானுக்குத் தீவனம் என்ற கணக்கில் வராது. புரதம் 16 சதவீதமாவது இருக்க வேண்டும்.

24 ஏக்கருக்கு மானைவிடப் பறவைகளை இலக்காக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. கூட்டுப் பெட்டிகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, நெருப்பெறும்புக் கட்டுப்பாடு, வசந்தத்தில் பறவைக் கணக்கெடுப்பு, இவை வார இறுதிகளில் ஒரு குடும்பம் செய்யக்கூடிய வேலைகள். வேட்டையாட வேண்டிய கட்டாயம் இல்லை; பறவை பார்ப்பதும் சட்டம் ஏற்கும் பொழுதுபோக்குதான். இலக்கு விலங்கு டெக்சஸின் சொந்த விலங்காக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஹில் கன்ட்ரியில் 'ஆக்சிஸ்' என்று சொல்லும் மான் நம் ஊர்ப் புள்ளிமான்தான். 1930களில் கொண்டுவந்து விட்டது இன்று காடெல்லாம் பெருகியிருக்கிறது. நமக்குப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதைத் திட்டத்தில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். வெள்ளைவால் மானை எழுதலாம்.

சீடர் மரங்களை வெட்டித் தள்ளுவதற்கு முன் நில்லுங்கள். பொற்கன்னக் கதிர்க்குருவி (கோல்டன்-சீக்ட் வார்ப்ளர்) மத்திய டெக்சஸில் மட்டுமே கூடு கட்டுகிறது, அதுவும் முதிர்ந்த சீடரின் பட்டையை உரித்து. கூட்டாட்சிச் சட்டம் அதை அழியும் ஆபத்தில் உள்ள பறவையாகப் பாதுகாக்கிறது. பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் கவுன்டி உயிரியலாளர் இலவசமாகவே ஆலோசனை சொல்வார். அவரிடம் கேட்காமல் ரம்பம் எடுக்க வேண்டாம். அந்தக் குருவி உங்கள் நிலத்தில் இருந்தால் அதைவிடப் பெருமை வேறென்ன?

வீடு கட்டினால் அதைச் சுற்றியுள்ள நிலம், வழக்கமாக ஒரு ஏக்கர், குறைந்த மதிப்பீட்டிலிருந்து வெளியே போகும். அதை உங்கள் குடியிருப்பாகக் கோருவது மட்டுமே பயன்பாட்டு மாற்றம் ஆகாது என்று வரிச் சட்டத்தின் 23.55 பிரிவு சொல்கிறது. வாடகைக்கு விடும் விடுதியாகக் கட்டினால் கதை வேறு.

நீங்கள் குடியுரிமை பெற்றவர்கள் என்பதால் இது உங்களுக்கு இல்லை, ஆனால் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிரீன் கார்டு இல்லாமல் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால், 1978ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி 90 நாளுக்குள் அமெரிக்க வேளாண் துறையிடம் பதிய வேண்டும். அப்படிப் பதிய வேண்டிய, அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாத வெளிநாட்டவருக்கு டெக்சஸ் இந்த மதிப்பீட்டையே மறுக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்த அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் மறுஆய்வுக் குழுவிடம் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அங்கே உங்கள் பேச்சைவிடத் தேதியிட்ட படங்களும், ரசீதுகளும், கணக்கெடுப்புத் தாள்களும்தான் எடுபடும். கூட்டுப் பெட்டி மாட்டிய நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.