நெபுலாப் படங்களைச் செயலாக்கும்போது வண்ணச் சமநிலையை எப்படி அமைப்பது?

பச்சைச் சாயலைக் குறைத்தால் வானம் மெஜந்தாவாக மாறுகிறது, அதைச் சரிசெய்யச் சிவப்பைக் குறைத்தால் நெபுலாவே (விண்வெளியிலுள்ள வாயு, தூசு மேகம்) வெளிறிப்போகிறது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை என்பது உங்கள் கேள்வி. இந்தச் சுழலில் அகப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நெபுலாவைப் பார்த்துக்கொண்டே அதன் நிறத்தைத் திருத்த முயல்வது. நெபுலாவுக்கு இன்ன நிறம் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே படத்தில் உள்ள வெற்று வானத்தையும் விண்மீன்களையும் அளவுகோலாகக் கொண்டு சமநிலையை அமைத்துவிட்டால், நெபுலா தனக்குரிய நிறத்தில் தானே வந்து நிற்கும்.

ஏன் நெபுலாவை அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பகல் நேரப் படங்களில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஓரளவு சரியாக வேலை செய்வதற்குக் காரணம், காட்சியிலுள்ள எல்லா நிறங்களின் சராசரியும் ஏறத்தாழச் சாம்பல் நிறமாக இருக்கும் என்ற எடுகோள் அங்கே பொதுவாகப் பொருந்துவதுதான். ஒளி உமிழும் நெபுலாவிலோ வெளிச்சம் முழுவதும் ஒருசில அலைநீளங்களில் மட்டுமே குவிந்திருக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரிலும், ஹைட்ரஜன்-பீட்டா 486.1 நானோமீட்டரிலும், இருமுறை அயனியான ஆக்சிஜனின் கோடுகள் 495.9, 500.7 நானோமீட்டர்களிலும் விழுகின்றன. கலிஃபோர்னியா நெபுலா போன்ற செந்நிற நெபுலா ஒன்று சட்டகத்தை நிறைத்திருக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சானல்களின் சராசரியைச் சமப்படுத்தினால், மென்பொருள் அந்தச் சிவப்பு முழுவதையும் பிழையென்று கருதிக் குறைத்துவிடும். நெபுலா பழுப்பாக மங்கும், விண்மீன்கள் எல்லாம் நீலப்பச்சை சாய்ந்து நிற்கும். ஹிஸ்டோகிராமில் (பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) மூன்று சானல்களின் முகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் பழக்கம் இத்தகைய படங்களில் தவறான முடிவைத் தருவதும் இதனால்தான்.

அடுத்ததாக, படத்தில் நாம் காணும் வேண்டாத நிறம் இரண்டு வேறுபட்ட வழிகளில் வந்து சேர்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். முதலாவது, சென்சாரும் அதன் மேலுள்ள வண்ண வடிப்பான்களும் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் பதிவதில்லை என்பது. பேயர் அமைப்பில் (சென்சாரின் மேல் வண்ண வடிப்பான்கள் அடுக்கப்பட்டுள்ள முறையில்) நான்கு பிக்சல்களுக்கு இரண்டு பச்சை என்பதால் படம் பச்சையாகிறது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் டிபேயர் செய்யும்போது (விடுபட்ட நிறங்களை அண்டைப் பிக்சல்களிலிருந்து கணிக்கும்போது) ஒவ்வொரு சானலும் தனித்தனியே நிரப்பப்படுவதால் எண்ணிக்கை மட்டும் பச்சையைப் பிரகாசமாக்கிவிடாது. பச்சை வடிப்பானின் வழியே சென்சார் கூடுதலாக ஒளியைப் பதிவதும், ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலத் தரவில்) அதை ஈடுசெய்யும் பெருக்கிகள் (ஒவ்வொரு சானலையும் பெருக்கும் எண்கள்) இன்னும் பயன்படுத்தப்படாமல் இருப்பதுமே உண்மையான காரணம். இரண்டாவது, தெருவிளக்குகளின் ஒளியும், நிலவொளியும், வளிமண்டலமே 557.7 நானோமீட்டரில் உமிழும் மெல்லிய பச்சையும் நெபுலாவின் ஒளிமீது வந்து கூடுவது. முன்னது பெருக்கலால் விளைந்த சாயல், பின்னது கூட்டலால் விளைந்த சாயல். கூட்டலால் வந்ததைக் கழித்தலால்தான் நீக்க வேண்டும், பெருக்கலால் வந்ததைப் பெருக்கலால்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் பச்சை சானலைக் குறைத்தபோது வானம் மெஜந்தாவானதற்கு இந்த இரண்டும் கலந்துபோனதே காரணமாக இருக்கும்: வானத்தின் மேலதிக ஒளியைக் கழிக்காமல் பெருக்கியை மட்டும் மாற்றினால், பின்னணி சரியாகும் இடத்தில் நெபுலா கெடும், நெபுலா சரியாகும் இடத்தில் பின்னணி கெடும்.

ஆகவே கழித்தல் முதலில், பெருக்கல் அதன் பின்னர், இரண்டும் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு (மங்கலான பகுதிகள் தெரியும்படி பிரகாசத்தை உயர்த்துவதற்கு) முன்னர். பல படங்களை அடுக்கி முடித்த கோப்பு இன்னும் நேரியல் நிலையில் (மதிப்புகள் பதிவான ஒளிக்கு நேர்விகிதத்தில்) இருக்கும்போதே, ஒழுங்கற்ற விளிம்புகளை வெட்டிவிட்டு, பின்னணிச் சாய்வை (வானத்தில் வந்து கூடிய சீரற்ற ஒளியை) நீக்குங்கள். கிராஎக்ஸ்பர்ட், சிரில், பிக்ஸ்இன்சைட் ஆகிய மென்பொருள்களில் எதுவானாலும், வானத்தின் ஒளியை அளக்கும் மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மங்கலான ஓரங்களின் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதே இந்தக் கட்டத்தின் முழு நுட்பமும். தானியங்கியாக இடப்படும் புள்ளிகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குவது சலிப்பான வேலைதான். ஆயினும் அங்கே தவறவிட்ட ஒரு புள்ளி, மங்கலான ஹைட்ரஜனை வானம் என்று கருதி முழுப் படத்திலிருந்தும் சிவப்பைக் கழித்துவிடும். சிக்னஸ் விண்மீன் கூட்டப் பகுதியைப் போல எங்கு நோக்கினும் ஹைட்ரஜன் நிறைந்த இடங்களில் குறைந்த படியுள்ள பல்லுறுப்புக்கோவை மாதிரியைக் கொண்டு, மிகச் சில புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பின்னணி சமமான பிறகு விண்மீன்களுக்கு வரலாம். விண்மீன்களின் ஒளி தொடர் நிறமாலை கொண்டது, அவற்றின் நிறங்கள் பட்டியல்களில் அளந்து வைக்கப்பட்டுள்ளன, நெபுலாவின் ஒளி கடந்து வந்த அதே வளிமண்டலத்தையும் கண்ணாடிகளையும் கடந்து அவையும் உங்கள் சென்சாரில் பதிந்துள்ளன. பொருள் அடிவானத்தை ஒட்டி இருந்ததால் நீலம் அதிகமாகக் குறைந்திருந்தாலும் அந்தக் குறைவு விண்மீன்களிலும் அப்படியே பதிந்திருக்கும். சிரிலிலும் பிக்ஸ்இன்சைட்டிலும் உள்ள ஒளியளவியல் வண்ண அளவுத்திருத்தம், படம் வானில் எந்தப் பகுதி என்று கண்டறிந்து, அதிலுள்ள நூற்றுக்கணக்கான விண்மீன்களின் அளவுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு மூன்று பெருக்கிகளைக் கணக்கிடுகிறது. இதன் புதிய வடிவம் விண்மீன்களை அளக்கும் கையா விண்கலத்தின் மூன்றாவது தரவு வெளியீட்டிலுள்ள நிறமாலைகளையும், உங்கள் சென்சார், வடிப்பான் ஆகியவற்றின் உணர்திறன் வளைகோடுகளையும் சேர்த்தே கணக்கிடுவதால், அதையே நான் பரிந்துரைப்பேன். எது வெண்மை என்பதற்குச் சூரியனைப் போன்ற ஜி2வி வகை விண்மீனையோ, சராசரிச் சுருள் விண்மீன் மண்டலத்தையோ தேர்ந்துகொள்ளலாம். நெபுலாப் படங்களில் இரண்டுக்கும் இடையே கண்ணை உறுத்தும் வேறுபாடு எதையும் நான் கண்டதில்லை. இந்த வசதி இல்லாத மென்பொருளில், தெவிட்டாத (பதிவின் உச்ச அளவை எட்டாத) பல விண்மீன்களின் சராசரியை வெண்மையாகக் கொள்வது அடுத்த நல்ல வழி. ஒரேயொரு விண்மீனைத் தேர்ந்து அதை வெண்மையாக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்ட்ரெட்ச் செய்யும் கட்டத்தில் பலரது உழைப்பு வீணாகிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் 4:2:1 என்ற விகிதத்தில் உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சானலையும் தனித்தனியே வளைகோட்டால் உயர்த்தும்போது சிறிய எண் அதிகமாகவும் பெரிய எண் குறைவாகவும் உயர்வதால், அந்த விகிதம் சுருங்கி, ஆழ்ந்த நிறம் வெளிறிய நிறமாகிறது. 2004ஆம் ஆண்டில் ராபர்ட் லப்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த ஆர்க்சைன்எச் முறை, மொத்தப் பிரகாசத்தை மட்டும் வளைகோட்டால் மாற்றி, மூன்று சானல்களையும் ஒரே எண்ணால் பெருக்குவதால் விகிதம் குலையாமல் காக்கிறது. முதல் உயர்த்தலை இம்முறையில் செய்துவிட்டு, எஞ்சியதை வழக்கமான வளைகோடுகளால் முடிப்பது எனக்கு நல்ல பலன் தருகிறது. ஓரியன் நெபுலாவின் மையம்போல் சென்சாரிலேயே தெவிட்டிவிட்ட இடங்களுக்கு மட்டும் இது உதவாது. அங்கே குறுகிய நேரப் படங்களைத் தனியே எடுத்துச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது பச்சை நீக்கும் கருவிக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் அதை முதல் அடியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதன் பரவலான வடிவம், பச்சையின் அளவு சிவப்பு நீலம் இரண்டின் சராசரியை மிஞ்சும் இடங்களில் எல்லாம் பச்சையை அந்தச் சராசரிக்கு இறக்கிவிடுகிறது. சிவப்பு 1, பச்சை 4, நீலம் 4 என்று அமைந்த ஓர் ஆக்சிஜன் பிக்சலில் பச்சை 2.5 ஆகக் குறைகிறது. நீலப்பச்சையாக இருந்தது வெறும் நீலமாகிறது. எம் 27, எம் 57 (மெஸ்ஸியர் பட்டியல் எண்கள்) போன்ற கோள் நெபுலாக்களும் வெய்ல் நெபுலாவின் இழைகளும் பல படங்களில் நீலமாகத் தெரிவதற்கு இக்கருவியும் ஒரு காரணம். அந்தப் பச்சை இயற்கையில் உள்ளது. 1864இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானியின் வழியே நோக்கியபோது கண்டது பச்சைப் பகுதியில் ஒளிர்ந்த கோடுகளைத்தான். அறியப்படாத ஏதோ ஒரு தனிமத்தின் கோடுகள் என்று நெடுங்காலம் கருதப்பட்ட அவை ஆக்சிஜனுடையவை என்று 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். ஆகவே இக்கருவியை இறுதியில், பின்னணியில் எஞ்சிய பச்சை இரைச்சலுக்கு மட்டும், நெபுலாவை மாஸ்க் இட்டு மறைத்துக்கொண்டு, பாதி வலிமையில் பயன்படுத்துங்கள்.

ஒரு கோட்டை ஒட்டிய ஒளியை மட்டும் விடும் குறும்பட்டை வடிப்பான்களால் எடுத்த படங்களுக்கு மேலே சொன்ன விண்மீன் வழிமுறை அப்படியே பொருந்தாது. கந்தகத்தைச் சிவப்பாகவும், ஹைட்ரஜனைப் பச்சையாகவும், ஆக்சிஜனை நீலமாகவும் வைக்கும் ஹபிள் வண்ண முறை, 1995இல் எம் 16 நெபுலாவின் வாயுத் தூண்களைக் காட்டிய படத்தின் வழியே எல்லோருக்கும் அறிமுகமானது. அது தகவலைப் பிரித்துக் காட்டும் வண்ணமே தவிர இயற்கை வண்ணம் அன்று. ஹைட்ரஜன் மற்ற இரண்டையும் மூழ்கடிக்காதபடி சானல்களைச் சமப்படுத்துவது அங்கே முழுக்க உங்கள் தேர்வு. விண்மீன்களை மட்டும் குறைந்த நேர அகலப்பட்டைப் படங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டால் அவற்றைச் சுற்றித் தோன்றும் மெஜந்தா வளையங்கள் தொல்லை தருவதில்லை.

சரிபார்ப்பதற்குக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். செந்நிறப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிப்போய்ச் சிவப்பை மேலும் கூட்டச் சொல்லும். வெற்று வானத்தில் மூன்று நான்கு இடங்களில் பிக்சல் மதிப்புகளைப் படித்து, மூன்று சானல்களும் ஏறத்தாழ ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். பின்னர் விண்மீன்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீலம், வெண்மை, மஞ்சள், ஆரஞ்சு என்ற வரிசை தெரிய வேண்டும், பச்சை விண்மீன் ஒன்றும் இருக்கக் கூடாது. வெப்பத்தால் ஒளிரும் பொருளின் தொடர் நிறமாலை எந்த வெப்பநிலையிலும் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதில்லை. பயிற்சிக்குரிய பொருளாக எம் 20 நெபுலாவை நான் பெரிதும் விரும்புவேன். ஹைட்ரஜனின் சிவப்பும், தூசு சிதறடிக்கும் விண்மீன் ஒளியின் நீலமும் ஒரே சட்டகத்தில் அருகருகே இருப்பதால், ஒன்றுக்காக மற்றொன்றைக் கெடுத்திருந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து, பின்னணியும் விண்மீன்களும் சரியாக அமைந்த பிறகும் நெபுலாவின் சிவப்பு வெளிறியே இருக்குமானால், உங்கள் கேமரா மாற்றியமைக்கப்படாத டிஎஸ்எல்ஆரா என்று பாருங்கள். அத்தகைய கேமராக்களின் சென்சாருக்கு முன்னுள்ள வடிப்பான் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. விண்மீன்களின் சிவப்போ அகன்ற அலைநீளப் பரப்பிலிருந்து வருவதால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. சமநிலை சரியாக இருந்தும் நெபுலா மட்டும் இளஞ்சிவப்பாக நிற்பது இதனால்தான். அந்நிலையில் பெருக்கிகளைத் தொடாமல், விண்மீன்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, நெபுலாவின் சிவப்புச் சாயல்களுக்கு மட்டும் செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பின்னணியின் எண்கள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.