வான்கோழி வரவில்லையா? கூப்பிடுவதைக் குறையுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பொது வேட்டை நிலத்தில், வசந்த சீசனில் காட்டு வான்கோழிக்குப் போகிறேன். விடியும்போது மரத்தில் இருக்கும் சேவல் நன்றாகப் பதில் கொடுக்கிறது. இறங்கியதும் பெட்டைக் குரலில் எவ்வளவு கூப்பிட்டாலும் அறுபது எழுபது கஜத்தில் நின்று கத்திவிட்டுப் போய்விடுகிறது. ஏன்?

பதில்: அந்த ‘எவ்வளவு கூப்பிட்டாலும்’தான் பிரச்சினை. வான்கோழி உலகில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். நீங்கள் விடாமல் குரல் கொடுத்தால், இவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று அது வாலை விரித்து நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவும் பொது நிலத்துச் சேவல் என்றால் சீசனில் பெட்டை மாதிரிக் குரல் எழுப்பும் மரப்பெட்டிச் சத்தத்தை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கும்.

சேவல் மரத்தில் இருக்கும்போது மெல்ல இரண்டு மூன்று யெல்ப் (பெட்டையின் வழக்கமான அழைப்புக் குரல்), பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அது இறங்கிய பிறகு, குச்சியால் தேய்த்து ஒலி எழுப்பும் ஸ்லேட்டை எடுங்கள். குச்சியைப் பென்சில் மாதிரிப் பிடித்து, நுனியைத் தூக்காமல் விளிம்போரம் சின்னச் சின்ன வட்டம் போட்டால் யெல்ப். மெதுவாக இழுத்தால் இரை மேயும் பெட்டையின் பர்ர். அப்புறம் கையால் சருகைக் கிளறுங்கள், ஒரே சீராக இல்லாமல்: சர்... சர்சர்... சர், பிறகு அமைதி. என்னைக் கேட்டால் இந்தச் சருகுச் சத்தம்தான் எந்தக் கருவியையும் விட நம்பத்தகுந்தது. அதன் பிறகு கத்தல் நின்றுபோனால் எழுந்துவிடாதீர்கள், பல சேவல்கள் சத்தமே இல்லாமல்தான் வரும். அரைமணி நேரமாவது அசையாமல் உட்காருங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். குரல் வந்த இடத்தை அது துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும், தூரத்திலிருந்தே அந்த இடம் தெரிந்து அங்கே பெட்டை இல்லையென்றால் ஏன் கிட்டே வரப்போகிறது? மேட்டின் மறுபக்கமோ பாதை வளைவோ பார்த்து உட்காருங்கள், உங்கள் இடம் அதன் கண்ணில் படும்போதே நாற்பது கஜத்துக்குள் வந்திருக்க வேண்டும். நடுவில் ஓடையோ வேலியோ இருக்கக் கூடாது. துணைக்கு ஆள் இருந்தால் அவர் உங்களுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்து கூப்பிடட்டும், சேவல் அவரைத் தேடி வந்து உங்கள் முன்னால் நிற்கும்.

அதனுடன் ஏற்கெனவே பெட்டைகள் இருந்தால் சேவலை விட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்துத் தலைவிப் பெட்டை என்ன சத்தம் போடுகிறதோ அதையே கொஞ்சம் உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். கோபத்தில் சண்டைக்கு வந்தாலும் வரும், பின்னாலேயே சேவலும். இல்லையா, பெட்டைகள் முட்டையிடப் போன பிறகு, முற்பகலில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஆந்தை மாதிரிக் கத்துகிறார்களே, எதற்கு?

பதில்: ஆந்தையோ காகமோ திடீரென்று சத்தம் போட்டால் சேவல் தன்னை மறந்து கத்திவிடும். பெட்டைக் குரலைச் செலவழிக்காமலே அது இருக்கும் இடம் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

கேள்வி: செல்போனில் குரலை ஒலிக்கவிடலாமா?

பதில்: கூடாது, மிசூரியில் மின்னணு ஒலிக்குத் தடை. இன்னொன்று, காட்டில் கேட்கும் குரல் உங்களைப் போல ஒரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம், அதை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் உங்கள் உடையில் வேண்டாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். யாராவது நெருங்கி வந்தால் கையை அசைக்காமல், “இங்கே ஆள் இருக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.