வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஏன் படிக்கப்படுவதில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் நல்லதாக எது கண்ணில் பட்டாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தெருக் குழுவிலும் போட்டுவிடுவேன். கோலம், சமையல் வீடியோ, வேலூர் கோட்டையின் பழைய படம் என்று எல்லாம் உண்டு. கட்டைவிரல் குறி வருகிறது, திறந்து படித்தவர் யாரும் இல்லை. போன வாரம் அண்ணன் மகள், "அத்தை, விரிஞ்சிபுரம் கல்வெட்டுல வரதட்சணையைத் தடை பண்ணியிருக்குன்னு ஒண்ணு போட்டீங்களே, காலேஜுக்கு வேணும்" என்றாள். அரை மணி நேரம் தேடி எடுத்தால் இணைப்பு திறக்கவில்லை. அனுப்புவதையே நிறுத்திவிடலாமா? இல்லை, இதற்கு ஏதும் முறை உண்டா?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

நிறுத்த வேண்டாம். நாளுக்கு ஆறு அனுப்புகிறீர்கள் என்றால் வாரத்துக்கு இரண்டாகக் குறையுங்கள். அந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் கொடுங்கள். வெறும் இணைப்பைக் கண்டால் யாருக்கும் திறக்கத் தோன்றாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கும், தனக்கு எதற்கு என்று எதுவும் தெரியாதபோது விரல் அடுத்த செய்திக்குப் போய்விடும். அதனால் இணைப்புக்கு மேலே நான்கு வரி எழுதுங்கள்: இது என்ன, எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் பார்க்க வேண்டும், யாருக்கு இது பயன்படும்.

உங்கள் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். அது 1425ஆம் ஆண்டு, விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் (1890) 56ஆம் எண்ணாக, ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கிறது. படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கூடி, இனிக் கன்னிகாதானமாகத்தான் திருமணம் செய்வது என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவருக்கும், பொன் கொடுத்துப் பெண் எடுப்பவருக்கும் அரச தண்டனை உண்டு, சமூகத்திலிருந்து விலக்கும் உண்டு. ஆக, தடுக்கப்பட்டது பெண் வீட்டார் வாங்கிய பொன். இன்று நாம் சொல்லும் வரதட்சணை நேர் எதிர்த் திசையில் போவது. "வரதட்சணைத் தடை" என்ற தலைப்போடு உங்கள் அண்ணன் மகள் கட்டுரை எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள். தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் செய்தியில் இருந்திருந்தால் இணைப்பு செத்தாலும் நூலகத்தில் போய் எடுத்துவிடலாம். மூல எண்ணைக் குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்களுக்கு வந்த செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப வாட்ஸ்அப் விடும். அந்தக் குறியைக் கண்டால் அப்படியே தள்ளிவிடாமல் மூலத்தைத் தேடுங்கள். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டால் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். "1806 வேலூர்ப் புரட்சியின்போது எடுத்த புகைப்படம்" என்று யாராவது போட்டால் தேடவே வேண்டாம். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படமே 1820களின் பிற்பகுதியில் பிரான்சில் எடுத்தது. 1806 என்றால் ஓவியமாகத்தான் இருக்க முடியும்.

இணைப்பு ஏன் திறக்கவில்லை? இரண்டு காரணங்கள் அதிகம். முதலாவது, பாதி அறுந்த முகவரி. தமிழில் தலைப்புள்ள பக்கத்தின் முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். பத்தெழுத்துத் தலைப்பு நூறு எழுத்தைத் தாண்டிவிடும். விரலால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் வால் விட்டுப்போகும். முகவரிப் பட்டையில் கை வைக்காமல் 'ஷேர்' பொத்தானை அழுத்தி நகலெடுங்கள். முகவரி ஒட்டியதும் முற்றுப்புள்ளி வைக்காமல் அடுத்த வரிக்குப் போங்கள். சில செயலிகள் அந்தப் புள்ளியையும் முகவரியோடு சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, பக்கமே போய்விட்டது. இதற்குப் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் தளம் இருக்கிறது. இறந்த முகவரியை அங்கே ஒட்டிப் பாருங்கள், யாராவது முன்பே சேமித்திருந்தால் கிடைக்கும். இனி நீங்கள் மதிக்கிற எதையும் அனுப்பும் முன் அங்குள்ள 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் முகவரியை ஒட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பக்கம் ஏறியதும் புதிய முகவரி வரும். அதன் நடுவே ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று பதினான்கு இலக்கம் இருக்கும். மூல முகவரியோடு இதையும் சேர்த்து அனுப்புங்கள். உள்நுழைந்து பார்க்கும் பேஸ்புக் பதிவுகள் இதில் நிற்காது, வீடியோக்களும் பெரும்பாலும் நிற்பதில்லை. அவற்றின் சாரத்தை நீங்களே எழுதிவைப்பது ஒன்றே வழி.

சமையல் வீடியோவுக்கு இது இன்னும் பொருந்தும். பதினைந்து நிமிட வீடியோவில் அளவு சொல்வது அரை நிமிடம்தான். அது எத்தனையாவது நிமிடம் என்று போடுங்கள், அளவைக் கையால் எழுதுங்கள். 'கப்' என்றால் அமெரிக்கக் குறிப்பில் சுமார் 240 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஓவன் சூடு 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 177 டிகிரி செல்சியஸ். ஆற்காடு மக்கன் பேடா மாதிரி ஓர் இனிப்பை அனுப்பினால் எங்கே கெடும் என்பதையும் ஒரு வரி சேருங்கள்: எண்ணெய் அதிகம் காய்ந்தால் மேலே சிவந்து உள்ளே மாவாக நிற்கும், அப்புறம் சர்க்கரை ஜீராவும் உள்ளே இறங்காது.

கோலப் படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் புள்ளிகள் கலங்காமல் போகும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

திரும்ப எடுப்பதற்கு வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். குழுவில் மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் போய்விடும். உங்கள் எண்ணுக்கே நீங்கள் அனுப்பிக்கொள்ளும் அரட்டை ஒன்று திறந்து, அந்த நான்கு வரியை அங்கேயும் ஒட்டுங்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகமானாலும் சரி. தேடல் எழுத்துக்கு எழுத்து பார்க்கும் என்பதால் இரண்டு எழுத்துமுறையையும் எழுதுங்கள்: கத்தரிக்காய், கத்திரிக்காய், குடியாத்தம், குடியேற்றம். நம் ஊர்ப் பழைய செய்திகளுக்கு இது ரொம்ப முக்கியம். 1989க்கு முந்தைய ஆவணங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். 2019க்குப் பிறகு வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில். ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு போன்ற ஆங்கில நூல்களில் தேடும்போது ஊர்ப்பெயரை இன்றைய எழுத்தில் மட்டும் போடாதீர்கள். குடியாத்தத்தை 'குடியாட்டம்' என்று படிக்கும்படியும், ஆம்பூரை நடுவே இரட்டை 'ஓ' போட்டும் எழுதியிருப்பார்கள்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த தமிழ் தாறுமாறாக ஆங்கில எழுத்தாயோ புரியாத குறிகளாயோ வந்தால் கோப்பு கெட்டுவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது, இன்று எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அச்சிட்டது. பாமினி, டிஸ்கி என்று எந்த வகையென்று பார்த்து எழுத்துரு மாற்றியில் போட்டால் சரியாகிவிடும்.

அண்ணன் மகளுக்கு இன்று இரவே தொகுதி எண்ணை அனுப்புங்கள். விரிஞ்சிபுரம் வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழிதானே, ஒருநாள் இருவரும் போய் வாருங்கள். படம் எடுக்க உச்சி வெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். இருட்டான இடமென்றால் ஒருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் பிடிக்க, மற்றவர் பிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். எழுத்து தெரியவேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தடவ வேண்டாம்.